தொண்டர் காத்த இருப்புப்பாதை

இங்கிலாந்தின் மேற்கே கடலை நோக்கி நீண்டு கிடக்கும் மலைநாடு வேல்சு. அந்நாட்டு மலைகளில் சிலேட்டுக்கல் மிகுதியாகக் கிடைக்கும். உளியை வைத்து மெல்லத் தட்டினால் ஏடு ஏடாகப் பிளந்து வரும் இயல்புடையது அக்கல். ஒருகாலத்தில் பள்ளிச் சிறுவர் எழுதிப் பழகிய பலகை இவ்வகைக் கல்லால் ஆனதே. எனினும் வேல்சு நாட்டுக் கல்லுக்குப் பெருந்தேவை ஏற்பட்டது எழுதுபலகையால் அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆலைகளும் நகரங்களும் பெருகியபோது, ஆயிரமாயிரமாக எழுந்த வீடுகளின் கூரைக்கு அக்கல் வேண்டப்பட்டது. மழை மிகுந்த அந்நாட்டில் நீரை உட்கொள்ளாத கல்லோட்டுக்கு இணை வேறில்லை.

மலையில் வெட்டிய கல்லைக் கடற்கரைக்குக் கொண்டு சேர்ப்பது எளிதன்று. கழுதைகளின் முதுகிலும் வண்டிகளிலும் ஏற்றி எத்தனை கல்லைத்தான் இறக்க முடியும்? ஆதலின் கற்சுரங்கத்தார் தத்தம் மலையிலிருந்து குறுகிய இருப்புப்பாதைகளை அமைத்துக்கொண்டனர். அவற்றுள் ஒன்று தாலிலின் இருப்புப்பாதை. கடற்கரையில் உள்ள டவின் என்னும் சிற்றூரில் தொடங்கி, பசிய பள்ளத்தாக்கு ஒன்றின் வழியே ஏறக்குறைய 7 மைல் ஏறி, பிரின் எக்லுவிஸ் என்னும் கற்சுரங்கத்தின் அடிவாரத்தை அது அடைந்தது. தாலிலின் என்பது அப்பக்கத்தில் உள்ள ஓர் ஏரியின் பெயர். பாதை அந்த ஏரி வரை ஒருநாளும் சென்றதில்லை; பெயர் மட்டும் சென்று சேர்ந்தது.

பாதையை அமைத்தவர் மான்செஸ்டர் நகரத்துப் பருத்தி வாணிகர். 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்தமையால் பஞ்சு வரத்துக் குன்றியது. ஆலைத் தொழிலில் இட்ட முதலை வேறு தொழிலிலும் இட விரும்பிய அவர்கள் கற்சுரங்கத்தை எடுத்து நடத்தலாயினர். 1865-இல் பாராளுமன்றம் இப்பாதைக்கு இசைவளிக்கும் சட்டத்தை இயற்றிற்று. தண்டவாளங்களுக்கு இடையிலுள்ள அகலம் 2 அடி 3 அங்குலமே. நீலகிரி மலையில் ஏறும் சிறுவண்டியின் பாதைகூட ஒரு மீட்டர் அகலம் உடையது என்பதை நினைத்தால் இதன் சிறுமை விளங்கும். தாலிலின், டோல்கோக் என்று பெயர் பெற்ற இரண்டு நீராவி எஞ்சின்களே இதற்கு உடைமை.

1866-இல் அரசாங்கத்தின் ஆய்வாளர் பாதையைப் பார்வையிட வந்தார். பாதையின் மேல் கட்டப்பட்டிருந்த பாலங்கள் அளவுக்குமேல் ஒடுங்கியிருந்தன. வண்டிக்கும் பாலத்தின் சுவருக்கும் நடுவே இரு பக்கமும் இரண்டடி இடம்கூட இல்லை. ஆபத்து நேரின் கதவைத் திறந்து இறங்குவது எங்ஙனம்? பாலங்களை இடித்துக் கட்டுவதற்குப் பொருள் இல்லை. ஆகவே ஒரு வழி கண்டனர். பாலங்களின் கீழே தண்டவாளத்தை ஒருபுறமாக ஒதுக்கி அமைத்தனர். பெட்டிகளின் மறுபுறக் கதவுகளை நிலையாக அடைத்துவிட்டனர். இன்றும் அப்பாதையில் ஓடும் பெட்டிகளுக்கு ஒரு பக்கத்தில் மட்டுமே கதவு உண்டு.

1911-இல் பாதையும் சுரங்கமும் ஹென்றி ஹெய்டன் ஜோன்ஸ் என்பவர் கைக்கு வந்தன. அவர் அவ்வூரில் இரும்புக்கடை நடத்திய குடும்பத்தினர்; அத்தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராகவும் விளங்கியவர். சுரங்கத்தால் அவருக்குப் பெரும் வருவாய் கிட்டவில்லை. வண்டியால் வந்ததோ இழப்பு. எனினும், தாம் உயிரோடு இருக்கும்வரை வண்டி ஓடும் என்று அவர் ஊராருக்கு வாக்களித்திருந்தார். 1946 டிசம்பர் 26-ஆம் நாள் சுரங்கத்தில் பெருஞ்சரிவு ஏற்பட்டு வேலை அறவே நின்றது. கல் ஏற்றுவதற்கென்று பிறந்த பாதைக்கு ஏற்றக் கல் இல்லை. கிழவரோ வாக்குத் தவறவில்லை. கோடைக்காலத்தில் வாரத்துக்குச் சில நாள் வண்டி ஓடிற்று.

1948 சனவரி முதல் நாள் பிரித்தானிய இருப்புப்பாதைகள் நாட்டுடைமை ஆயின. பெரிய கம்பெனிகள் எல்லாம் அரசாங்கத்தின் கைக்குச் சென்றன. பல சிறு பாதைகளும் உடன் சென்றன. தாலிலின் அப்பட்டியலில் இடம்பெறவில்லை. அதனால் நேர்ந்தது நன்மையே. அண்டையில் இருந்த காரிஸ் என்னும் பாதை அரசாங்க உடைமையாகி, அதே ஆண்டில் மூடப்பட்டது. தாலிலின் தன் போக்கில் தள்ளாடிக்கொண்டிருந்தது. 1950 சூலை 2-ஆம் நாள் சர் ஹெய்டன் ஜோன்ஸ் தம் 86-ஆம் வயதில் காலமானார். அவர் வாக்கு நிறைவேறிற்று. இனி வண்டியை ஓட்டக் கடமைப்பட்டவர் எவரும் இல்லை. அந்தக் கோடை முடியும்வரை வண்டி ஓடட்டும், பிறகு தண்டவாளங்களைப் பெயர்த்துப் பழைய இரும்பாக விற்றுவிடலாம் என்பதே எல்லோரும் எதிர்பார்த்த முடிவு.

அம்முடிவை மாற்ற முன்வந்தவர் எல். டி. சி. ரோல்ட் என்னும் எழுத்தாளர். அவர் இளமையில் ஸ்டோக் நகரத்துக் கெர் ஸ்டுவர்ட் எஞ்சின் தொழிற்சாலையில் தொழில் பயின்றவர். பின்னர்ப் படகில் வாழ்ந்து, பாழ்பட்டுக்கொண்டிருந்த இங்கிலாந்தின் கால்வாய்களைப் பற்றி 1944-இல் நூல் ஒன்று வெளியிட்டார். அந்நூலைப் படித்தோர் பலர் கால்வாய்களைக் காக்க எழுந்தனர். தாலிலின் பாதையைக் காணச் சென்ற ஒருமுறை, அன்று வண்டி இல்லை என்று அறிந்து, தண்டவாளத்தின் வழியே பள்ளத்தாக்கு முழுவதும் நடந்தார் ரோல்ட். கல் ஏற்றிய நாள்கள் மறைந்தபின்னும் அந்த எளிய பாதை அவர் நெஞ்சை விட்டு நீங்கவில்லை. 1949-இல் பர்மிங்காம் நகர நாளிதழுக்கு அதனைப் பற்றிக் கடிதம் எழுதினார். 1950 அக்டோபர் 11-ஆம் நாள் அந்நகரின் இம்பீரியல் ஓட்டலில் கூட்டம் ஒன்று கூட்டப்பட்டது. ஏறக்குறைய 70 பேர் வந்திருந்தனர்.

அவர்கள் முன் இருந்த வினா எளியதன்று. பழைய கோயிலையும் கோட்டையையும் காப்பதற்குச் சங்கம் அமைத்த நாடு அது. ஆனால் கோட்டை ஓடுவதில்லை. அதனைக் காப்போர் கூரையைச் செப்பனிட்டு, வாயிலில் காவல் வைத்தால் போதும். இருப்புப்பாதையோ ஓடினால் அன்றி இருப்புப்பாதை ஆகாது. அதில் ஏறும் ஒவ்வொருவர் உயிருக்கும் ஓட்டுபவர் பொறுப்பாவர். எழுத்தரும் ஆசிரியரும் கடைக்காரரும் விடுமுறை நாளில் வந்து எஞ்சினை ஓட்டுவதா? அவர்களை நம்பிக் குழந்தைகளை ஏற்றுவதா? உலகில் அதற்குமுன் எங்கும் தொண்டர்கள் ஓர் இருப்புப்பாதையைக் காத்து நடத்தியதில்லை. ஐயுற்றவர்களைக் குறைகூற இயலாது. அவர்கள் கேட்ட வினாக்கள் எல்லாம் கேட்கத்தக்கனவே.

சங்கம் அமைந்தது. சர் ஹெய்டனின் மனைவியார் பாதையை விலைகூறி விற்க எண்ணவில்லை. 1951 பிப்ரவரியில் பாதையின் உரிமை, அதற்கென நிறுவப்பட்ட ஒரு நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அதன் நிர்வாகக் குழுவில் அம்மையாரின் சார்பினரும் சங்கத்தாரும் சம எண்ணிக்கையில் அமர்ந்தனர். இலாபம் கிடைப்பின் அதனை எவரும் பங்கிட்டுக்கொள்வதற்கில்லை; பாதைக்கே அது செலவாதல் வேண்டும். உண்மையில் பங்கிட எதுவும் இருக்கவில்லை என்பது வேறு செய்தி. அவ்வாண்டு மே மாதத்திற்குள் உறுப்பினர் தொகை அறுநூறைக் கடந்தது.

தொண்டர்கள் டவினுக்கு வந்து சேர்ந்தபோது கண்ட காட்சி அஞ்சத்தக்கது. இரண்டு எஞ்சின்களுள் தாலிலின் சில ஆண்டுகளாகவே செயலற்றுக் கிடந்தது. டோல்கோக் ஒன்றே மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது. தண்டவாளங்களைத் தாங்கும் சிலிப்பர் கட்டைகள் பல இடங்களில் உளுத்துப்போயிருந்தன. கட்டைகள் இற்றுப்போன பிறகும் தண்டவாளம் விலகாமல் நின்றது எப்படி? பாதையின் மேல் அடர்ந்து வளர்ந்த புல்லே அதனைப் பற்றிக்கொண்டிருந்தது. வேரும் மண்ணும் பின்னிக் கெட்டிப்பட்டு, தண்டவாளத்தை இருபுறமும் இறுகப் பிடித்திருந்தன. ஆதலின் புல்லைக் களைவதற்குக்கூட அஞ்ச வேண்டியிருந்தது. ஓரிடத்தில் களைந்தால், உடனே அங்கே புதுக்கட்டை இட்டாக வேண்டும். பாதையைத் தூய்மை செய்கிறோம் என்று ஆர்வத்தோடு முழுவதையும் வெட்டியிருந்தால், அன்றே வண்டி தடம் புரண்டிருக்கும்.

1951 மே 14-ஆம் நாள் டோல்கோக் எஞ்சின் பெட்டிகளை இழுத்துக்கொண்டு புறப்பட்டது. முழுத்தொலைவும் செல்லவில்லை, தொடக்கப் பகுதியில் உள்ள ரிடரோனென் என்னும் நிலையம் வரையே சென்று மீண்டது. சூன் 4-ஆம் நாள்முதல் ஆபர்கினோல்வின் நிலையம் வரை ஒழுங்காக வண்டி விடப்பட்டது. முதல் இரண்டு ஆண்டுகளும் ரோல்ட் தாமே மேலாளராக இருந்தார். எழுதுவதை ஒதுக்கி வைத்துவிட்டு, எண்ணெய்க் கறையோடு திரிந்த அவர், ஒவ்வொரு நாளும் டோல்கோக் எஞ்சின் நின்றுவிடுமோ என்று கவலையுற்றார். அது நின்றால் சங்கமும் நின்றது என்றே பொருள்.

வேறு எஞ்சின் வேண்டும். ஆனால் 2 அடி 3 அங்குல அகலத்துக்கு ஏற்ற எஞ்சின் எங்கே கிடைக்கும்? மூடப்பட்ட காரிஸ் பாதையும் அதே அகலம் உடையது. அதன் எஞ்சின்கள் இரண்டு, உடைபடாமல் மாகன்லெத் நிலையத்தின் ஒரு மூலையில் கிடந்தன. அரசாங்க இருப்புப்பாதையார் ஒவ்வொன்றையும் 25 பவுண்டு விலைக்குக் கொடுத்தனர். முன்னைய உரிமையாளர் நினைவாக ஒன்றுக்குச் ‘சர் ஹெய்டன்’ என்றும், அவரிடம் மேலாளராக இருந்தவர் நினைவாக மற்றொன்றுக்கு ‘எட்வர்டு தாமஸ்’ என்றும் பெயரிட்டனர்.

சர் ஹெய்டன் பாதையில் இறங்கியது. இறங்கியதும் தடம் புரண்டது. மீண்டும் தூக்கி நிறுத்தினர், மீண்டும் புரண்டது. எஞ்சினில் குறை காணவில்லை. கடைசியில் தண்டவாளங்களின் இடைவெளியை அளந்து பார்த்தபோது உண்மை வெளிப்பட்டது. சட்டப்படி இருக்கவேண்டிய அகலத்தைவிடப் பாதை ஏறக்குறைய அரை அங்குலம் அகன்றிருந்தது. முன்னோர் அதனை அறிந்தே செய்திருந்தனர். தாலிலின் எஞ்சினின் முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒன்றுக்கொன்று எட்ட அமைந்தவை. வளைவுகளில் அது சிக்காமல் திரும்புவதற்காகப் பாதையைச் சற்றே அகல விட்டிருந்தனர். பழைய இரண்டு எஞ்சின்களின் சக்கரப் பட்டைகளும் அகலமானவை, அவை தாங்கிக்கொண்டன. காரிஸ் எஞ்சினின் ஒடுங்கிய சக்கரமோ இடைவெளியில் நழுவி விழுந்தது. இச்செய்தி எந்த ஏட்டிலும் தொண்டர்களின் கண்ணில் படவில்லை. அதனை அறிந்திருந்தது பாதை மட்டுமே. பழந்தொழிலைக் காக்கப் புகுவோர் இத்தகைய மறைபொருள்களை ஒவ்வொன்றாக விழுந்தும் எழுந்துமே கற்க வேண்டியிருந்தது.

எட்வர்டு தாமஸ் எஞ்சினின் கதை இன்னும் இனியது. அது 1921-இல், ரோல்ட் பின்னாளில் தொழில் பயின்ற அதே கெர் ஸ்டுவர்ட் தொழிற்சாலையில் பிறந்தது. அத்தொழிற்சாலை 1930-இல் மூடப்பட்டபோது, அதன் எஞ்சின் வரைபடங்கள் லீட்ஸ் நகரத்து ஹன்ஸ்லெட் கம்பெனியைச் சேர்ந்தன. அக்கம்பெனியார் எட்வர்டு தாமஸைத் தங்கள் தொழிற்சாலைக்குக் கொண்டுசென்று, கூலி எதுவும் பெறாமலே செப்பனிட்டு அனுப்பினர். 1952-இல் அது ஓடத் தொடங்கியபின்தான் டோல்கோக் எஞ்சினுக்கு ஓய்வு கிடைத்தது. 1953-இல் இராணுவத்தின் துணைப்படையைச் சேர்ந்த பொறிப்படையினர் தங்கள் பயிற்சியின் ஒரு பகுதியாக வந்து பாதையின் ஒரு கூற்றைப் புதிதாக இட்டுத் தந்தனர். இவ்வாறு தொண்டர்களின் உழைப்பைக் கண்டு தொழில் வல்லாரும் கை கொடுக்க முன்வந்தனர்.

தொண்டர் என்றால் எவரும் எப்பணியும் செய்யலாம் என்று பொருள் கொள்ளலாகாது. முதலில் அப்படித்தான் சிலர் எண்ணி வந்தனர். வந்தவுடன் எஞ்சினை ஓட்டலாம் என்று கனவு கண்டவருக்குக் கையில் கிடைத்தது மண்வெட்டி. இன்றும் அங்கே எஞ்சின் ஓட்ட விரும்பும் ஒருவர் முதலில் எஞ்சினைத் துடைப்பவராகவே சேர்தல் வேண்டும். விடியுமுன் எழுந்து சாம்பலை அள்ளி, நெருப்பு மூட்டி, உறுப்புகளைத் துடைத்து எண்ணெயிட்டுப் பழகியபின், கரி இட்டு நீராவியைக் காக்கும் பயர்மேன் ஆகலாம். அதில் பல்லாண்டு தேர்ந்து, தேர்வில் வென்ற பின்னரே ஓட்டுநராக முடியும். குளிர்ந்த கொதிகலனில் நீராவி எழுவதற்கே மணிக்கணக்காகும். காலை வண்டியில் ஏறும் பயணிக்கு அவ்வுழைப்பு கண்ணில் படுவதில்லை.

ஒற்றைத் தண்டவாளப் பாதையில் இரு வண்டிகள் எதிரெதிர் வந்துவிடாமல் காப்பதற்கும் கட்டளை உண்டு. பாதையின் ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் அடையாளக் கோல் இருக்கும். அதனைக் கையில் பெறாத ஓட்டுநர் அப்பகுதிக்குள் வண்டியைச் செலுத்தலாகாது. சம்பளம் பெறுவோனுக்கு உள்ள அதே சட்டம் தொண்டனுக்கும் உண்டு. அரசாங்க ஆய்வாளர் இருவரையும் ஒரே கண்ணால் நோக்குவார். இந்தக் கண்டிப்பை ஏற்காதிருந்தால் அன்றைய ஐயவாதிகளின் கூற்றே மெய்யாகியிருக்கும்.

சிரிப்புக்கு இடமான பிழைகளும் நேரத்தான் செய்தன. தொடக்கக் காலத் தொண்டர்களுள் ஆட்ரி என்னும் பாதிரியார் ஒருவர். ‘தாமஸ்’ என்னும் எஞ்சினைப் பற்றிய குழந்தைக் கதைகளால் உலகெங்கும் பெயர் பெற்றவர் அவரே. 1952-இல் அவர் கார்டாகப் பணி செய்தபோது, ஆபர்கினோல்வின் நிலையத்தில் சிற்றுண்டி விற்ற அம்மையாரை ஏற்றிக்கொள்ள மறந்து, பச்சைக்கொடி காட்டி வண்டியைப் புறப்படச் செய்துவிட்டார். இப்பிழையைப் பின்னர்த் தம் கதை ஒன்றில் அமைத்துக்கொண்டார். அவர் எழுதிய ‘ஸ்கார்லோய்’ பாதையின் கதைகளுக்கு மூலம் தாலிலின் பாதையே. 1953-இல் ஊரார் கூடி ஓர் இருப்புப்பாதையைக் காப்பதைக் கருவாகக் கொண்ட நகைச்சுவைப் படம் ஒன்று இங்கிலாந்தில் வெளிவந்தது. அதன் கதையை எழுதியவரும் தாலிலின் சென்று தொண்டர்களைக் கண்டவரே.

இப்பாதையைப் பற்றி அறிஞர் எழுப்பும் வினா ஒன்று உண்டு. தாலிலின் எஞ்சின் 1958-இலும் டோல்கோக் 1963-இலும் பெருஞ்செப்பம் பெற்று மீண்டன. கொதிகலன் முதலான பல உறுப்புகள் புதியன. தண்டவாளம் புதிது, கட்டைகள் புதியன, பெட்டிகளுள் பல தொண்டர்களே கட்டியவை. அங்ஙனமாயின் காக்கப்பட்டது எது? பழமையைத் தொடாமல் கண்ணாடிப் பேழையில் வைத்திருந்தால், 1864-இல் செய்த இரும்பு அப்படியே இருந்திருக்கும் என்பர் சிலர். அது மெய்யே. அருங்காட்சியகத்துக்கு அதுவே முறை. ஆனால் பேழையில் இருக்கும் எஞ்சினைப் பார்த்து, நெருப்பை எத்தனை கனத்தில் பரப்புவது, ஈரத் தண்டவாளத்தில் ஏற்றம் ஏறும்போது நீராவியை எவ்வளவு திறப்பது என்று எவரும் கற்றுக்கொள்ள இயலாது. அவை நூலில் முற்றும் அடங்கா. ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கே செல்பவை. சர் ஹெய்டன் காலத்தில் பணிபுரிந்த உள்ளூர்த் தொழிலாளர் சிலர் தொண்டர்களோடு சேர்ந்து உழைத்தமையால்தான் அக்கைத்திறன் அறுபடாமல் வந்தது. இரும்பு தேயும், மாற்றலாம். திறன் ஒரு தலைமுறையில் அற்றுப்போனால் எந்தத் தொழிற்சாலையில் அதனை வார்ப்பது?

செலவோ ஆண்டுக்காண்டு ஏறுவது. பயணச்சீட்டால் வரும் பணம் முழுவதற்கும் போதாது. உறுப்பினர் சந்தாவும், நன்கொடையும், கடை வருவாயும் சேர்ந்தே பாதையை நடத்துகின்றன. ஆண்டு முழுவதும் கணக்கும் பழுதும் பார்ப்பதற்குச் சம்பளம் பெறும் சிலர் உளர். மற்றவை தொண்டர் கையில். பர்மிங்காமிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் தம் செலவில் வந்து, ஒரு வாரம் மழையில் நனைந்து கட்டை மாற்றிவிட்டுத் திரும்புவோர் உண்டு. அவர்களுள் பலருக்கு எஞ்சின் மேல் ஏறும் நாள் வருவதே இல்லை.

தாலிலின் காட்டிய வழியில் பிறரும் இறங்கினர். வேல்சு நாட்டின் பெஸ்டினியோக் பாதை 1955-இல் மீண்டும் ஓடத் தொடங்கிற்று. 1960-இல் இங்கிலாந்தின் தென்பகுதியில் புளூபெல் என்னும் பாதையைத் தொண்டர்கள் எடுத்து நடத்தினர். இன்று பிரித்தானியாவில் இத்தகைய பாதைகள் நூற்றுக்கு மேல் உள்ளன.

பழைய நாளில் பயணிகள் செல்லாத இறுதிப் பகுதி ஒன்று தாலிலின் பாதைக்கு இருந்தது. ஆபர்கினோல்வின் நிலையத்துக்கு அப்பால், சுரங்கத்துக் கல் மட்டும் வந்த வழி அது. தொண்டர்கள் பல ஆண்டு பாடுபட்டு அதனையும் சீர்ப்படுத்தி, 1976 மே 22-ஆம் நாள் நான்ட் குவெர்னோல் என்னும் புதிய நிலையத்தைத் திறந்தனர். 2021 சூலையில் யுனெஸ்கோ நிறுவனம் வடமேற்கு வேல்சின் சிலேட்டு நிலப்பரப்பை உலகப் பாரம்பரிய இடங்களுள் ஒன்றாகச் சேர்த்தபோது, பிரின் எக்லுவிஸ் சுரங்கமும், ஆபர்கினோல்வின் ஊரும், தாலிலின் இருப்புப்பாதையும் அதன் ஒரு கூறாக இடம்பெற்றன.

நான்ட் குவெர்னோல் நிலையத்தில் இறங்குவோர்க்கு முன்னே செங்குத்தான சரிவு ஒன்று தெரியும். கல் ஏற்றிய வண்டிகளைக் கயிற்றில் கட்டி மலையிலிருந்து இறக்கிய சரிவு அது. அதன்மேல் இப்போது தண்டவாளம் இல்லை. நடக்க விரும்புவோர் காட்டுவழியே ஏறிச் சென்று, மரங்களுக்கு நடுவே இடிந்து கிடக்கும் சுரங்கத்தைக் காணலாம். கீழே, எஞ்சின் பெட்டிகளின் மறுமுனைக்குச் சென்று கொக்கி மாட்டிக்கொண்டு, டவினை நோக்கி இறங்குவதற்குக் காத்திருக்கும்.